கெரிட்டில் ஒரு கமிட்: லிப்ரே ஆபீஸுக்குத் திருத்தம் அனுப்ப வழி போட்ட கதை

நிரலைப் பகிர்ந்து எழுதும் தளமான கிட்ஹப்பில் பழகிய கைக்கு, மாற்றங்களைச் சேர்க்கும் முன் சரிபார்க்க உதவும் கருவியான கெரிட் முதலில் எரிச்சலைத்தான் தரும். எனக்கும் தந்தது. ஃபோர்க் (நமக்கென்று ஒரு நகல்) எடு, பிரான்ச் (தனிக் கிளை) போடு, புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பு என்று ஆறேழு வருடமாக வேலையில் செய்துவந்த எதுவும் இங்கே செல்லுபடியாகவில்லை. இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்கு நான் அனுப்பிய முதல் திருத்தம் 4 கோப்புகளில் 16 வரி. எழுத 20 நிமிடம் ஆனது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டரை வாரம். இரண்டாவது திருத்தம் முக்கால் மணி நேரத்தில் போய்விட்டது. நடுவில் என்னென்ன சிக்கின, எப்படி அவிழ்ந்தன என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். கட்டளைகளைத் தமிழெழுத்திலேயே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஏன் லிப்ரே ஆபீஸ்? எங்கள் ஊர்க் கோயில் கொடையின் வரவு செலவுக் கணக்கைப் பல வருடமாக அதன் விரிதாள் செயலியான கால்க்கில்தான் போடுகிறோம். வரிக்காரர்கள் பட்டியல், மேளக்காரர் முன்பணம், பந்தல் பாக்கி எல்லாம் அதில்தான். காசு கொடுக்காமல் இத்தனை காலம் பயன்படுத்தியாகிவிட்டது, நம் பங்குக்கு ஏதாவது செய்வோமே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

இந்த மென்பொருளின் பூர்வீகம் ஜெர்மனி. 1985-இல் லூனபுர்க் நகரில் மார்கோ போரிஸ் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தின் ஸ்டார் ஆபீஸ்தான் இதன் மூத்த தலைமுறை. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, 2000-இல் மூல நிரலைத் திறந்துவிட்டது; அது ஓபன் ஆபீஸ் ஆனது. 2010 செப்டம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆபீஸ். பழைய வீட்டில் தாத்தா காலத்துப் பெட்டி கிடப்பதுபோல, நிரலுக்குள் அந்த வரலாறு இன்னும் கிடக்கிறது. ஆவணம் எழுதும் செயலியான ரைட்டரின் நிரல் இருக்கும் அடைவின் பெயர் எஸ்டபிள்யூ. ஸ்டார் ரைட்டர் என்பதன் சுருக்கம். கால்க்குக்கு எஸ்சி, ஸ்டார் கால்க். இது தெரியாமல் முதல் நாள் கால்க் என்ற பெயரில் அடைவைத் தேடித் தேடிக் களைத்துப்போனேன். ஜெர்மன் மொழியில் இருந்த குறிப்புரைகளை ஆங்கிலத்துக்கு மாற்றுவதே பல வருடம் புதியவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலையாக இருந்திருக்கிறது. அதற்கென்றே ஜெர்மன் வரிகளைக் கண்டுபிடிக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டும் உண்டு.

புதியவர்களுக்கான வேலைகளை ஈஸி ஹேக் என்று முத்திரை குத்தி அவர்களுடைய பிழைப் பதிவேடான பக்ஸில்லாவில் வைத்திருக்கிறார்கள். நான் எடுத்த வேலையின் எண் டிடிஎஃப் 147021. ஓர் அணியில் எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்று எண்ண, லிப்ரே ஆபீஸ் தனக்கென்று சால் என் எலிமெண்ட்ஸ் என்ற ஒரு மேக்ரோ (பெயரிட்டு வைத்த நிரல் துண்டு) வைத்திருந்தது. சி பிளஸ் பிளஸ் 17 வந்தபிறகு அதே வேலையைச் செய்யும் எஸ்டிடி சைஸ் மொழியிலேயே வந்துவிட்டது. மேக்ரோ இருக்கும் இடங்களைத் தேடி எஸ்டிடி சைஸ் என்று மாற்ற வேண்டும். இதனால் பயனர் ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. பழைய மேக்ரோவிலும் பிழை கிடையாது. சுட்டியை (பாயிண்டரை) தவறுதலாக அணி என்று நினைத்துக் கொடுத்தால், நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரே தடுத்துவிடும் அளவுக்கு அதை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். சொந்தத் தயாரிப்பை ஓரங்கட்டிவிட்டுப் பொதுவானதைப் பயன்படுத்துவது, அவ்வளவே. முதல் தடவை வருகிறவர்களுக்கு இதுபோன்ற சப்பென்ற வேலைதான் நல்லது என்பேன். நிரலில் மூளையைச் செலவழிக்க வேண்டாம். செலவழிக்க வேறு இடங்கள் ஏராளம் இருக்கின்றன.

முதல் இடம், பில்ட். அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் மென்பொருளை உருவாக்குவது.

என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேமும் 4 கோரும் உள்ள பழைய மடிக்கணினி, உபுண்டு போட்டது. கோர் என்ற முதன்மைக் களஞ்சியத்தை முழுவதுமாக இறக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நடுவில் இணையம் விழுந்தது. நிரலின் வரலாற்றைக் காக்கும் கருவியான கிட்டின் குளோன் கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான்காவது முறை டெப்த் 1 என்று கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் இறக்கிக்கொண்டேன். அது சீக்கிரம் வந்துவிட்டது. அப்புறம் இரவில் கிட் ஃபெட்ச் அன்ஷாலோ போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் மிச்ச வரலாறும் வந்திருந்தது. வரலாறு வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அரைகுறைக் களஞ்சியத்திலிருந்து புஷ் செய்யும்போது தகராறு வரலாம். தவிர, யார் எப்போது ஏன் இந்த வரியை எழுதினார் என்று பார்க்க வரலாறு இல்லாமல் முடியாது.

தேவையான நூலகங்களைத் தனித்தனியாகத் தேடி நிறுவ வேண்டியதில்லை. ஆப்ட் பில்ட் டெப் லிப்ரே ஆபீஸ் என்று ஒரே கட்டளை போதும். ஆனால் அடித்ததும் சோர்ஸ் முகவரிகள் இல்லை என்று முறைத்தது. உபுண்டுவில் மூலப் பொதிகளுக்கான வரி இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டிருக்கும். 24.04-இலிருந்து அந்தக் கோப்பின் வடிவமும் மாறிவிட்டது. உபுண்டு டாட் சோர்ஸஸ் கோப்பில் டைப்ஸ் என்ற வரியில் டெப் என்பதற்குப் பக்கத்தில் டெப் எஸ்ஆர்சி என்று சேர்த்து, ஆப்ட் அப்டேட் செய்தபிறகு ஓடியது.

பில்டுக்கு என்னென்ன வேண்டும், வேண்டாம் என்பதை ஆட்டோஜென் டாட் இன்புட் என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிவைக்க வேண்டும். பிறகு ஆட்டோஜென் ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிட்டு, பில்டைத் தொடங்கும் மேக் கட்டளையை அடித்தால் ஆயிற்று. நிரலாளர்கள் எனேபிள் டிபிஜியூட்டில் போட்டு பில்ட் செய்வது நல்லது என்று படித்தேன், உள்ளே சோதனைகள் கூடுதலாக இருக்கும் என்பதால். போட்டேன். இரவு பத்தரைக்கு மேக் அடித்துவிட்டுப் படுத்து, காலையில் பார்த்தால் பில்ட் நின்றிருந்தது. கம்பைலர் கொல்லப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. எந்தக் கோப்பில் என்ன பிழை என்று ஒன்றுமில்லை. அதே கோப்பை மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடியது. அரை மணி நேரம் நிரலைச் சந்தேகப்பட்ட பிறகுதான் கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் பார்க்கத் தோன்றியது. நினைவகம் தீர்ந்ததால் கெர்னலே கழுத்தை நெரித்திருக்கிறது. நான்கு கம்பைலர்கள் ஒரே நேரத்தில் ஓட, 8 ஜிபி போதவில்லை.

வித் பேரலலிசம் 2 என்று ஒரு வரி சேர்த்தேன். நினைவகம் போதாதபோது கைகொடுக்க, வட்டில் 8 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பும் போட்டேன். டிபிஜியூட்டிலை இப்போதைக்கு எடுத்தேன், வட்டில் இடமும் இல்லை. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்தேன். கீழே காற்றோட்டம் இருந்தால் ஃபேன் அவ்வளவு கத்துவதில்லை. 9 மணி 40 நிமிடம் ஓடி முடிந்தது. இன்ஸ்ட்டிர் அடைவுக்குள் போய் எஸ்ஆபீஸைத் திறந்தேன். லிப்ரே ஆபீஸ் டெவ் என்ற பெயரோடு ஜன்னல் வந்தது. கொடைக் கணக்குக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பந்தல் பாக்கி அப்படியே இருந்தது.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் மேக் அடிப்பதற்கு முன்பே சிசிகேஷ் நிறுவிவிடுங்கள். ஒருமுறை கம்பைல் செய்த கோப்பின் விளைவை அது எடுத்துவைத்துக்கொள்ளும். மறுபடி அதே கோப்பு அப்படியே வந்தால் வைத்திருப்பதைக் கொடுத்துவிடும். லிப்ரே ஆபீஸின் கான்ஃபிகர் அது இருக்கிறதா என்று தானாகவே பார்த்து எடுத்துக்கொள்கிறது. கேஷின் அளவை 20 ஜிபி ஆக்கினேன். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி பில்ட் செய்தபோது 50 நிமிடத்துக்குள் முடிந்தது. தவிர, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு பில்ட் தேவையில்லை. மேக் என்பதோடு அடைவின் பெயரைக் கொடுத்தால் அந்த மாட்யூல் மட்டும் பில்ட் ஆகும். இது தெரியாமல் முதல் நாலைந்து முறை வெறும் மேக் அடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கெரிட்.

கெரிட் என்பது ஆண்ட்ராய்டு திட்டத்துக்காக கூகுளில் உருவான ரிவியூ கருவி. கெரிட் ரீட்வெல்ட் என்ற டச்சு வடிவமைப்பாளரின் பெயர் அது. அதன் சிந்தனையைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியது மாதிரி, எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கிட்ஹப்பில் ரிவியூவர் ஒன்றைத் திருத்தச் சொன்னால், திருத்தி இன்னொரு கமிட் (பதிவுசெய்த மாற்றம்) போட்டு அனுப்புவோம். மூன்று கமிட், நான்கு கமிட் என்று வால் நீண்டுகொண்டே போகும். கெரிட்டில் வால் கிடையாது. ஒரு மாற்றம் என்றால் ஒரே ஒரு கமிட்தான். திருத்தச் சொன்னால் அந்தக் கமிட்டையே மாற்றி எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். அடித்தல் திருத்தலோடு விடைத்தாளைக் கொடுக்காமல் ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதிய தாளைக் கொடுப்பதுபோல. ஆனால் கிட்டில் ஒரு கமிட்டை மாற்றி எழுதினால் அதன் ஹேஷ் (கிட் தரும் அடையாள எண்) மாறிவிடும், கிட்டைப் பொறுத்தவரை அது வேறு கமிட். அப்படியானால் இது போன வாரம் வந்த அதே மாற்றத்தின் புதுப்படி என்று கெரிட்டுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் சேஞ்ச் ஐடி. கமிட் செய்தியின் கடைசியில், ஐ என்ற எழுத்தையும் அதற்குப்பின் 40 எழுத்து எண்களையும் கொண்ட ஒரு வரி. பொதுத்தேர்வில் பதிவெண் மாதிரி. தாள் எத்தனை மாறினாலும் எண் அதுவே இருந்தால் ஆள் அதே ஆள்தான். எண் மாறினால் வேறு ஆள்.

இந்த வரியை நாம் எழுத வேண்டியதில்லை. கமிட் செய்யும்போது ஒரு ஹுக் (தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்ட்) அதைச் சேர்த்துவிடும். லிப்ரே ஆபீஸ் களஞ்சியத்திலேயே அந்த ஹுக்குகள் இருக்கின்றன. ஆட்டோஜென் ஓடியபோதே என் கிட் அடைவுக்குள் அவை இணைக்கப்பட்டுவிட்டன. ஹுக்குகளில் இன்னொன்று வரி முடிவில் வெற்றிடம் விட்டிருந்தால் கமிட்டையே தடுக்கும். புதுக் கோப்புகளாக இருந்தால் கிளாங் ஃபார்மேட் கொண்டு நடையையும் சரிபார்க்கும். பழைய கோப்புகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். என்னுடைய நான்கும் அதில் இருந்ததால் பிழைத்தேன்.

கணக்குத் தொடங்கி, பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்ஹெச் சாவி ஒன்று உருவாக்கி, அதன் பொதுப் பாதியைக் கெரிட் அமைப்புகளில் ஒட்டினேன். லாகெரிட் என்று ஒரு ஸ்கிரிப்ட் களஞ்சியத்தின் மேல்மட்டத்திலேயே இருக்கிறது. லாகெரிட் செட்டப் கொடுத்தால் பயனர் பெயரைக் கேட்டு எஸ்எஸ்ஹெச் அமைப்பை எழுதிக்கொள்கிறது. லாகெரிட் டெஸ்ட் கொடுத்தால் இணைப்பு சரியா என்று பார்க்கிறது. எனக்குப் பத்து நிமிடமாகியும் பதிலே இல்லை. சாவியை அழித்து மறுபடி உருவாக்கினேன். அனுமதிகளைச் சரிபார்த்தேன். ஒன்றும் நகரவில்லை. பிறகுதான் உறைத்தது, கெரிட்டின் எஸ்எஸ்ஹெச் வழக்கமான 22-ஆம் போர்ட்டில் இல்லை, 29418-இல் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தின் வைஃபையில் அப்படிப்பட்ட போர்ட்டுகள் அடைபட்டிருந்தன. செல்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டதும் அமைப்பு வெற்றி என்ற செய்தி வந்துவிட்டது. பதிலே வராமல் தொங்கினால் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்கள். அனுமதி மறுப்பு என்று உடனே வந்தால் சாவியைச் சந்தேகப்படுங்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் ஒரு மதிய உணவு இடைவேளை மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு சம்பிரதாயமும் உண்டு. என் பங்களிப்புகள் அனைத்தையும், இதுவரை செய்தவை இனிச் செய்பவை உட்பட, எம்பிஎல் 2, எல்ஜிபிஎல் 3 ஆகிய இரட்டை உரிமத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்ப வேண்டும். வாசகத்தை அவர்களே கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் இது இல்லாமல் திருத்தம் உள்ளே போகாது.

சரி, திருத்தம். கிட் கிரெப் கொண்டு மேக்ரோ வரும் இடங்களைத் தேடி, ஒரே மாட்யூலில் 4 கோப்புகளை மட்டும் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றி அனுப்பும் ஆசை வரும். வேண்டாம். படிக்கப்போகிறவர் ஒரு மனிதர். மாற்றி, மாட்யூலை பில்ட் செய்து, கமிட் செய்தேன். செய்தியின் முதல் வரியில் பக் எண்ணும் சுருக்கமான தலைப்பும், ஒரு வரி இடைவெளி, பிறகு விளக்கம்.

லாகெரிட் சப்மிட் மாஸ்டர் என்று அடித்தேன். முதன்மைக் கிளையான மாஸ்டருக்கே நேராகப் போகிறதோ என்று முதலில் பயமாக இருந்தது. போவதில்லை. அந்த ஸ்கிரிப்ட் உள்ளுக்குள் ரெஃப்ஸ் ஃபார் மாஸ்டர் என்ற இடத்துக்குத்தான் புஷ் செய்கிறது. அப்படி ஒரு பிரான்ச் உண்மையில் கிடையாது. அங்கே வருவதைக் கெரிட் வாசலிலேயே வாங்கி ரிவியூ வரிசையில் வைத்துவிடும்.

ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பியது. கமிட்டில் இருக்கும் மின்னஞ்சல் உங்கள் கணக்கில் பதிவாகவில்லை என்றது. என் கிட்டின் பொது அமைப்பில் இருந்தது வேலை முகவரி. கெரிட்டில் கொடுத்ததோ சொந்த முகவரி. களஞ்சியத்துக்குள் நின்றுகொண்டு குளோபல் என்ற சொல் இல்லாமல் கிட் கான்ஃபிக் போட்டால் இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் சொந்த முகவரி ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே போட்ட கமிட் அதனால் மாறாது. போட்ட கமிட்டையே மாற்றி எழுதும் கமிட் அமெண்ட் என்பதோடு ரீசெட் ஆதர் சேர்த்துக் கொடுத்தபிறகு போனது. பெயரும் ஊரறியப் பதியப்போவதால் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெர்ஜ் ஆனபிறகு, அதாவது முதன்மை நிரலில் சேர்ந்தபிறகு, மாற்ற முடியாது.

இரண்டு நாள் கழித்து ஒரு ரிவியூவர் ஒரு வரியின் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். மேக்ரோவையே எடுத்துவிட்டீர்கள், அதற்காகச் சேர்த்திருந்த ஹெடர் இன்னும் எதற்கு என்று. நியாயம். நான்கு கோப்புகளிலும் அந்த ஹெடரை (மேக்ரோ எழுதப்பட்டிருக்கும் கோப்பை) சேர்க்கும் வரியை நீக்கினேன். நீக்கிவிட்டு, பழக்கதோஷம், கிட் கமிட் போட்டு ரிவியூவில் சொன்னதைச் சரிசெய்தேன் என்று ஒரு செய்தியும் எழுதி அனுப்பிவிட்டேன். கெரிட்டில் போய்ப் பார்த்தால் என் பெயரில் இரண்டு மாற்றங்கள், ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு. புதுக் கமிட்டுக்கு ஹுக் புதுச் சேஞ்ச் ஐடி கொடுத்திருக்கிறது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது.

ரீபேஸ் ஐ போட்டு இரண்டையும் ஸ்குவாஷ் செய்தேன், அதாவது ஒன்றாக்கினேன். புஷ் செய்தால் ஒரு செய்தியில் பல சேஞ்ச் ஐடி என்று மறுப்பு. ஸ்குவாஷ் செய்யும்போது இரண்டு செய்திகளும் சேர்ந்து, இரண்டு பதிவெண்ணும் உள்ளே வந்துவிட்டன. இரண்டாவதை நீக்கி, முதலாவதை மட்டும் வைத்து அனுப்பினேன். முதல் மாற்றத்தில் பேட்ச் செட் 2, அதாவது இரண்டாம் படி, என்று வந்தது. அனாதையாக நின்ற இரண்டாவது மாற்றத்தில் அபாண்டன் (கைவிடு) பொத்தானை அழுத்தினேன்.

இனி அமெண்ட்தான் என்று மனதில் பதித்துக்கொண்டேன். மறுநாள் கமிட் தலைப்பைக் கொஞ்சம் மாற்றலாமே என்று அமெண்ட் போட்டு, கையோடு எம் என்ற விருப்பத்தில் புதுத் தலைப்பையும் அடித்து அனுப்பினேன். மறுபடி ஒரு புது மாற்றம்! இந்த முறை ஏன் என்று புரியக் கொஞ்ச நேரமானது. எம் கொடுத்தால் பழைய செய்தி முழுக்கப் போய்விடும். அதோடு சேஞ்ச் ஐடி வரியும் போய்விடும். ஹுக் பார்க்கிறது, ஐடி இல்லை, புதிதாக ஒன்று போட்டுவிடுகிறது. அமெண்ட் செய்யும்போது எம் கூடவே கூடாது. செய்தி மாற வேண்டாம் என்றால் நோ எடிட். மாற வேண்டும் என்றால் எடிட்டர் திறக்கட்டும், அதில் கடைசி வரியைத் தொடாமல் மற்றதை மாற்ற வேண்டும். அன்று மாலையே நோ எடிட்டோடு கூடிய அமெண்ட்டுக்கு ஃபிக்ஸ் என்று ஒரு கிட் அலையாஸ் (குறுக்குப் பெயர்) வைத்துவிட்டேன். அதற்குப்பின் இந்தத் தவறு வரவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினேன். ரிவியூவர் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள் போலிருக்கிறது.

அடுத்து ஜென்கின்ஸ், தானாக பில்ட் செய்து சோதிக்கும் கருவி. அனுப்பும் ஒவ்வொரு பேட்ச் செட்டையும் லினக்ஸ், மேக்ஓஎஸ், விண்டோஸ் என்று பல இடங்களில் பில்ட் செய்து பார்க்கிறார்கள். எல்லாம் தேறினால்தான் வெரிஃபைடு +1. என்னுடையது லினக்ஸில் தேறியது, மேக்ஓஎஸ்ஸில் தேறியது, விண்டோஸில் விழுந்தது. என்னிடம் விண்டோஸ் இயந்திரமே இல்லை. லாகைத் திறந்தால் முடிவே இல்லாமல் போகிறது. மேலிருந்து படித்தால் கண் போய்விடும். எரர் என்ற சொல்லோடு சி என்ற எழுத்தையும் சேர்த்துத் தேடினால் விஷுவல் சி பிளஸ் பிளஸின் பிழை எண் வரும் இடத்தில் போய் நிற்கலாம். நின்றது: சி3861, இந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்கிற பிழை. நான்கில் ஒரு கோப்பில், விண்டோஸுக்கு மட்டும் என்று இஃப்டெஃப் போட்டு அடைத்திருந்த ஒரு துண்டு இருந்தது. நான் நீக்கிய அதே ஹெடரிலிருந்து வேறொரு மேக்ரோவை அந்தத் துண்டு பயன்படுத்திக்கொண்டிருந்தது. லினக்ஸ் கம்பைலர் அந்தத் துண்டைக் கண்ணாலேயே பார்ப்பதில்லை. பிறகு எப்படிச் சொல்லும்?

அந்தக் கோப்பில் மட்டும் ஹெடரைத் திரும்ப வைத்தேன். ஃபிக்ஸ் அடித்தேன், அனுப்பினேன். அதிலும் ஒரு கோணல். நடுவில் ரிவியூவர் என் கமிட் செய்தியில் இருந்த ஓர் எழுத்துப்பிழையை வலையிலேயே திருத்தி ஒரு பேட்ச் செட் போட்டிருந்தார். நான் அதைக் கவனிக்காமல், என்னிடம் இருந்த பழைய படியின் மேல் திருத்தி அனுப்பியதால் அவர் போக்கிய எழுத்துப்பிழை பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. கெரிட் இதைத் தடுக்காது. கடைசியாக வந்த படிதான் செல்லுபடி. இப்போதெல்லாம் கையை வைக்கும் முன் கெரிட்டின் பக்கத்தில் கடைசி பேட்ச் செட் எண்ணைப் பார்க்கிறேன். நான் அனுப்பாத ஒன்று அங்கே இருந்தால், டவுன்லோட் பட்டியில் கொடுத்திருக்கும் கட்டளையை நகலெடுத்து அந்தப் படியை இறக்கிக்கொண்டுதான் அமெண்ட்.

பேட்ச் செட் 6-இல் எல்லாம் பச்சையானது. ரிவியூவரின் குறிப்புகளுக்குக் கீழே டன் பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாக மூடினேன். ஒப்புதலான கோட் ரிவியூ +2 விழுந்து, ஒரு வியாழக்கிழமை இரவு மெர்ஜ் ஆனது. சற்று நேரத்தில் பக்ஸில்லாவில் தானியங்கி ஒன்று என் பெயரோடு கமிட்டை அறிவித்தது. வீட்டில் காட்டினேன். "எங்க, எந்த எடத்துல மாறிருக்கு?" என்று கேட்டாள் மனைவி. எந்த இடத்திலும் மாறவில்லை என்பதை விளக்குவதற்குள் பால் பொங்கிவிட்டது.

இரண்டாவது திருத்தத்துக்கு இந்த வழியைக் கொஞ்சம் சமன் செய்துகொண்டேன். ஜி என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் களஞ்சியத்தில் இருக்கிறது. படுக்கப்போகும் முன் ஜி புல் ஆர் அடித்து, மேக் ஓடவிட்டுவிடுவேன். சிசிகேஷ் இருந்தாலும் பொதுவான ஹெடர் ஒன்று மாறியிருந்தால் பாதி நிரல் மறுபடி கம்பைல் ஆகும், அதைப் பகலில் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் மாஸ்டரிலிருந்து ஒரு தனி பிரான்ச். ஒன்றன்மேல் ஒன்றாகக் கமிட் அடுக்கினால் கெரிட்டில் அவை சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, முதலாவது தேறாமல் மற்றவை நகராது. நிரலை மாற்றியபின் அந்தக் கோப்பில் இஃப்டெஃப் இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணை ஓட்டுவேன். மாட்யூலை பில்ட் செய்து, அதன் சோதனைகளை ஓட்டிவிட்டு, சப்மிட். ஸ்லைடு போட்டு விளக்கினால் ஏதோ பெரிய அமைப்பு மாதிரித் தெரியும். கையில் வந்துவிட்டால் பல் தேய்ப்பது மாதிரிதான். வட்டில் இடம் ஒதுக்கியபின் வேறோர் அடைவில் டிபிஜியூட்டில் பில்ட்டும் ஒன்று வைத்திருக்கிறேன். அடைவை வெளியே உருவாக்கி அங்கிருந்து ஆட்டோஜெனைக் கூப்பிட்டால் மூல நிரல் ஒன்று, பில்ட் இரண்டு என்று நடத்தலாம்.

எங்கள் தெருவில் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கும் தம்பி ஒருவன் இதைப் பார்த்துவிட்டு அவனும் ஆரம்பித்தான். அவனுடைய மடிக்கணினியில் 16 ஜிபி ரேம். என்னுடைய எவர்சில்வர் தட்டைப் பார்த்துச் சிரித்தான். பில்ட், சாவி, மின்னஞ்சல் முகவரி எல்லாம் நான் சொல்லச் சொல்ல ஒரே நாளில் முடித்துவிட்டான். முதல் திருத்தத்துக்கு ரிவியூவில் ஒரு குறிப்பு வந்தது. அன்று இரவு ஒன்பதரைக்கு போன்.

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரி அமெண்ட்தான் பண்ணேன். புஷ் பண்ணா முந்தின கமிட்டுக்கும் இதுக்கும் மாற்றமே இல்லைன்னு சொல்லுதுண்ணா."

"எம் கொடுத்தியா?"

"இல்லண்ணா, நோ எடிட்தான். சேஞ்ச் ஐடி அப்படியே இருக்கு, பார்த்துட்டேன்."

"கமிட் ஹேஷ் மாறிருக்கா பாரு."

கீபோர்டு சத்தம் கேட்டது. மாறியிருக்கிறது என்றான். கொஞ்சம் யோசித்தேன். ஹேஷ் மாறியும் புதிதாக ஒன்றுமில்லை என்று சொல்கிறதென்றால், நேரம் மட்டும் மாறி உள்ளடக்கம் மாறாமல் இருக்க வேண்டும்.

"கிட் ஸ்டேட்டஸ் அடி."

சற்று நேரம் மௌனம்.

"அண்ணா... ஆட் பண்ணலண்ணா." மாற்றிய கோப்பைக் கமிட்டில் சேர்க்கும் கிட் ஆட் கட்டளையை மறந்திருக்கிறான்.

"சரி, பண்ணிட்டு அனுப்பு."

பத்தேகாலுக்குப் புது பேட்ச் செட் போய்விட்டது என்று ஸ்கிரீன்ஷாட் வந்தது.